வரிசையில் மூன்றாம் இடம்

நீர்ப்பூங்காவுக்குப் போவது என்று முடிவான நாளிலிருந்து, எர்ணாவூர்க் குடியிருப்பின் அந்த வீட்டில் யாரும் யாருக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. மகிழ்ச்சி எல்லா வீட்டுக்கும் கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை. சில வீடுகளுக்குள் அது அடுப்படியில் நிற்பவர்களின் காலை மிதித்துக்கொண்டுதான் நுழைகிறது.

வீடு ஒன்று, குடும்பம் இரண்டு. அண்ணன் பீம்ராவ் மணலியில் ஓர் ஆலையில் கொதிகலன் பார்ப்பவர். தம்பி நீலமேகம் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஓட்டுகிறவன். அண்ணன் மனைவி மலர்க்கொடிக்குச் செங்குட்டுவன் என்றொரு மகன். தம்பி மனைவி கார்குழலிக்கு மதி என்றொரு மகள். பிள்ளைகள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தார்கள், ஒரே போர்வைக்குள் தூங்கினார்கள். தாய்மார் இருவரும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். அந்த அடுப்பைத் தவிர அவர்களுக்குள் பொதுவானது எதுவும் இல்லை.

ஆலையின் ஆண்டு விழாவை ஒட்டித் தொழிலாளர் குடும்பங்களுக்கு இலவச அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்தது பூங்கா. வளைந்து வளைந்து இறங்கும் சறுக்குகள், அலையடிக்கும் குளம், பொத்தானை அமுக்கினால் கொட்டும் அருவி எல்லாம் அங்கே உண்டு. மே மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைக்கு மட்டுமே அந்தச் சீட்டு செல்லும். அடையாள அட்டையோடு தொழிலாளியே வாசலில் வந்து நிற்க வேண்டும்.

"நாலு பெரியவங்க, ரெண்டு சின்னவங்க. அல்லாருக்கும் பாஸு கீது," என்று பீம்ராவ் சீட்டுகளைப் பாயின் மேல் பரப்பினார். செங்குட்டுவன் உடனே கட்டிலில் ஏறி, தலையணையைப் போட்டுச் சறுக்கிக் காட்டினான். மதி கீழே நின்று கைதட்டினாள்.

"தாவூதுகிட்ட வேன் சொல்லிட்டேன்," என்றான் நீலமேகம். "வெடிகாலைல வந்து நிப்பான். ஆனா ஒண்ணு, அங்க போனாலும் கியூதான். சறுக்க ஒரு கியூ, சோத்துக்கு ஒரு கியூ. ஹார்பர் கேட்டாண்ட நிக்கிற எனக்கு அது பயக்கம். நீங்கதான் பேஜாராயிடுவீங்க."

அவன் சிரித்து முடிப்பதற்குள் அடுப்படியிலிருந்து மலர்க்கொடியின் குரல் வந்தது.

"ஞாயித்துக்கெயம லாரி நாளு."

இரண்டு ஆண்டுகளாக மழை பொய்த்து ஏரிகள் வெடித்துக் கிடந்த காலம் அது. குடியிருப்பின் குழாய்களில் காற்றுகூட வருவதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் தெருமுனைக்கு வரும் லாரித் தண்ணீர்தான் குடிக்கவும் சமைக்கவும். எல்லாருடைய பார்வையும் கார்குழலியின் மேல் போய் நின்றது. யாரும் வேண்டுமென்று பார்க்கவில்லை, பழக்கம் பார்த்தது.

"இன்னா, அல்லாரும் என்னியே பாக்குறீங்க?"

"ஒன்ன யாரு பார்த்தா? சோறு போடுவியான்னு பார்த்தோம்," என்றாள் மலர்க்கொடி, கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்று.

"சோத்துப் பானை ஒங்க பக்கத்துலதான்க்கா கீது. போன வருசம் அல்லாரும் வண்டலூர் போனீங்க; நான் தண்ணி புடிச்சேன். அதுக்கு முந்தி பயவேற்காடு போனீங்க; அப்பவும் நான்தான் புடிச்சேன். வண்டலூர்லேந்து வந்து எம் பொண்ணு இன்னா சொல்லுச்சு தெரியுமா? 'பெரியம்மாதான் எனக்குப் புலி காட்டுனாங்க, நீ பார்த்ததே இல்லல்ல'ன்னுச்சு. இந்த தபா நான் வரேன்."

"வா. யாரு வேணாம்னது? மூணாவது எடத்த யாரு காப்பாத்துறது? ஒம் புருசனா?"

நீலமேகம் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குக் காரணம் இருந்தது.

அந்தத் தெருவின் சட்டம் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் சிறு பிள்ளைக்கும் மனப்பாடம். முந்தின நாள் மாலையிலேயே ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் குடங்களின் கழுத்தை ஒரே கயிற்றில் கோத்து வரிசையில் வைத்துவிடுவார்கள். லாரி வரும்போது அந்த வீட்டு ஆள் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆளில்லாத குடங்களைப் பின்னால் இருப்பவர்கள் காலால் தள்ளிக்கொண்டே போய் வரிசையின் வாலில் விட்டுவிடுவார்கள். மறுமுறையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வாலில் நிற்பவர்களுக்கு லாரியின் அடிக்கசடுதான் கிடைக்கும், சில நாள் அதுவும் கிடைக்காது. ஒரே ஒருமுறை நீலமேகம் அங்கே நின்றபோது, கைக்குழந்தையோடு அழுத ஒருத்திக்கு மனமிரங்கி இடம் விட்டான். மூன்றாவது இடம் எட்டாவது ஆயிற்று. அதை மீட்க மலர்க்கொடிக்கு ஒரு கோடைக்காலம் முழுதும் சண்டை போட வேண்டியிருந்தது.

"அந்தம்மா கொயந்தயோட அயுதுகினு நின்னுச்சு, அண்ணி..."

"அயுவும். அடுத்தவன் எடம் கெடைக்குதுன்னா நான்கூடத்தான் அயுவேன்."

"அப்போ நீங்களே நில்லுங்களேன்க்கா," என்றாள் கார்குழலி.

"நானா? எம் புருசன் கம்பெனில குடுத்த பாஸு. நான் வூட்டாண்ட குடத்தக் கட்டிகினு அயுவணும், நீ சறுக்கி வெளையாடணுமா?"

"பாஸுல நாலு பேருன்னு போட்டுக்கீது. மலர்க்கொடின்னு போடல."

பீம்ராவ் தொண்டையைச் செருமினார். எந்தச் சண்டையையும் ஒரு கதையால் ஆற்றிவிடலாம் என்று அவர் உறுதியாக நம்பினார். கொதிகலனின் அழுத்தத்தைக் குறைக்கத் தெரிந்த அவருக்கு இந்த ஒன்றில் மட்டும் வெற்றி கிடைத்ததே இல்லை.

"முகத்துவாரத்தாண்ட ஒரு நண்டு இருந்துச்சாம். கரையிலயே நல்ல வளை அதோடதுதான். அலை வந்தா மொதல்ல அங்கதான் தண்ணி ஏறும். அந்த வளைக்காக அல்லா நண்டுகூடயும் சண்ட போட்டு ஒரு காலக்கூட ஒடைச்சுக்கிச்சு. ஒரு நாளு கடலு கூப்டுச்சாம், 'வாங்க, இன்னிக்கு ஆழத்துல விருந்து'ன்னு. அல்லா நண்டும் கெளம்பிச்சு. இந்த நண்டு மட்டும்..."

"யாருய்யா நண்டு?" என்றாள் மலர்க்கொடி.

"நண்டு நண்டுதான், மலரு."

"கால ஒடைச்சுக்கிச்சுன்னியே. போன வருசம் குடத்தடில கால் சுளுக்கினு கெடந்தது யாரு? நானு. என்னியத்தான் சொல்ற."

"இல்லக்கா, நான்தான் நண்டு," என்றாள் கார்குழலி. "என்னியக் காவலுக்குக் குந்த வெச்சுட்டு விருந்துக்குப் போறது நீங்க."

"கேட்டியா? ஒன் நண்டால இப்போ அவ என்னிய இன்னா கேக்குறா பாரு!"

பீம்ராவ் சீட்டுகளைத் திரட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நண்டு கடலுக்குப் போயிற்றா இல்லையா என்பது அன்று யாருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு பயணத் திட்டம் போர்த் திட்டமாயிற்று. புளிச்சோறா எலுமிச்சைச் சோறா என்பதற்கு ஒரு நாள் சண்டை. வேனில் முன்னிருக்கை யாருக்கு என்பதற்கு இன்னொரு நாள். கார்குழலி வரப்போவதில்லை என்பதை முடிந்துபோன செய்தியாகவே மலர்க்கொடி நடத்தினாள். மதிக்கு மாற்று உடுப்பை அவளே எடுத்து வைத்தாள். தலைக்கு எந்த ரிப்பன் என்பதையும் அவளே சொன்னாள். ஒரு பையில் செங்குட்டுவன் துணியும் மதியின் துணியும் மலர்க்கொடியின் சேலையும் மடிப்புக் கலையாமல் அடுக்கப்பட்டன. அதற்குள் கார்குழலி வைத்த தன் சுடிதார் மறுநாள் கொடியில் தொங்கியது.

"பையில எடமில்ல," என்றாள் மலர்க்கொடி.

"மனசுல இல்லன்னு சொல்லுங்க."

"மனசுல இன்னாத்துக்குடி எடம்? மனசுல துணியா வெக்க முடியும்?"

வெள்ளிக்கிழமை மாலை மதி தாயின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பள்ளித்தோழி ஒருத்தி அந்தப் பூங்காவுக்குப் போய் வந்தவளாம்.

"பெரிய சறுக்குல சின்னப் புள்ளைங்கள தனியா வுட மாட்டாங்களாம்மா. அம்மா மடியிலதான் குந்தணுமாம். நீ வரலன்னா நான் யாரு மடியில குந்துறது?"

"பெரியம்மா மடியில ஒரு தபா அவன், ஒரு தபா நீ," என்று அடுப்படியிலிருந்து மலர்க்கொடி பதில் சொன்னாள்.

"எங்கம்மா மடி," என்று செங்குட்டுவன் உடனே உரிமையை நாட்டினான். "நீ கீய நின்னு வேடிக்கை பாரு."

மதி அழவில்லை. தாயைப் பார்த்தாள். குழந்தைகள் அழுதால் சமாதானம் சொல்லலாம். அழாமல் பார்க்கும்போது சொல்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. கார்குழலி அந்த இரவு சாப்பிடவில்லை. அதை வேறு யாரும் கவனிக்கவில்லை. மலர்க்கொடி மட்டும் கவனித்து, "மிச்சம் வெக்காத, காலைல கெட்டுப் போவும்," என்றாள்.

சனிக்கிழமை மாலை கார்குழலி குடங்களைக் கயிற்றில் கோத்து வரிசைக்குக் கொண்டுபோனாள். அவர்களுடையது நீல நைலான் கயிறு. முன்னாலிருந்த இரண்டாவது இடத்தில் பச்சைக் கயிற்றில் ரஹீமுன்னிசாவின் குடங்கள் இருந்தன. தரைத்தளத்தில் தையல் எந்திரம் வைத்து நைட்டி தைத்து விற்பவள் ரஹீமுன்னிசா.

தெருச் சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் கயிற்றின் நுனியை நம்பகமான வேறொரு வீட்டுக் கயிற்றோடு முடிந்துவிட்டுப் போகலாம். முடிச்சுப் போட்டால் இரண்டு வீடும் ஒரு வீடு. அங்கே நிற்பவர் இருவருக்கும் பிடித்துக் கொடுப்பார். ஆனால் முடிச்சை அவிழ்ப்பவர் அக்கணமே தம் குடத்தோடு நின்றாக வேண்டும். அவிழ்த்துவிட்டு நகர்ந்தால் குடம் அநாதை.

நீலமும் பச்சையும் சில மாதம் முடிச்சோடு இருந்தவைதான். முந்தின கோடையில், புளியந்தோப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய மலர்க்கொடி தன் குடங்கள் பாதி பாதியாக நிற்பதையும், ரஹீமுன்னிசாவின் குடங்கள் தளும்புவதையும் பார்த்தாள். "குயாய மூடிட்டான், நான் இன்னா பண்ணுவேன்?" என்றாள் ரஹீமுன்னிசா. மலர்க்கொடி தெரு பார்க்க முடிச்சை அவிழ்த்து, "இனி செத்தாலும் இந்தக் கயித்துல கட்ட மாட்டேன்," என்றாள். அன்றிலிருந்து இரண்டும் அருகருகே கிடந்தன, தொட்டுக்கொண்டதில்லை. வேறு எந்த வீட்டுக் கயிற்றோடு முடியவும் மலர்க்கொடி சம்மதித்ததில்லை.

கார்குழலி எந்திரத்தின் முன்னால் போய் நின்றாள்.

"ரஹீமாக்கா, நாளைக்குக் கயிறு சேத்துக்குங்க. வூட்ல அல்லாரும் வெளிய போறோம்."

எந்திரம் நிற்கவில்லை. "ஒங்க மகாராணி இன்னா சொன்னா, ஞாபகம் கீதா? செத்தாலும் கட்ட மாட்டாளாம். செத்துட்டாளா?"

"அவங்க கேக்கல. நான் கேக்குறேன்."

"அவ வந்து கேக்கட்டும். வாய்தான் அம்மாம் நீளம் கீதே. தெருவுல வெச்சு என்னியத் தண்ணித் திருடின்னு சொல்லத் தெரிஞ்சவளுக்கு, வூட்டுக்குள்ள வந்து ஒரு வார்த்த கேக்கத் தெரியாதா?"

"கேக்க மாட்டாங்க. உங்களுக்கும் தெரியும். அது என் வூட்டுக் குடமும்தான்க்கா. ரெண்டு வருசமா அதத் தூக்கினது நானு."

ரஹீமுன்னிசா காலை எடுத்தாள். எந்திரம் நின்றது. "சரி, நீ கட்டிட்டுப் போவ. காலைல அவ பார்ப்பா. பார்த்துட்டு அவுப்பா."

"அவுக்கட்டும்."

ரஹீமுன்னிசா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, நூல் கடித்த பல்லைக் காட்டிச் சிரித்தாள். "த்தோடா! வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன். அவுத்தா அவ நிக்கணும்; அவுக்கலன்னா அல்லாரும் போலாம். ரெண்டுல எதுனாலும் ஒனக்கு சறுக்கு."

"அக்கா வந்தா வரட்டும். நான் வேணான்னு சொல்லலியே."

"சொல்ல வேணாம்டி, கட்டு." அவள் எழுந்து வந்து தன் பச்சைக் கயிற்றின் நுனியை நீட்டினாள். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. "ஒண்ணு மட்டும் அவகிட்ட சொல்லு. நாளைக்கு அவ குடத்தத்தான் மொதல்ல ரொப்புவேன். என்னுது காலியா நின்னாலும் சரி. அன்னிக்கும் நான் திருடல."

கார்குழலி இரட்டை முடிச்சாகப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தாவூதின் வேன் தெருமுனையில் வந்து நின்றது. மலர்க்கொடி புதுச்சேலையில், கையில் புளிச்சோற்றுத் தூக்கோடு முதல் ஆளாக இறங்கி வந்தாள். பிள்ளைகள் துணிப்பையை இழுத்துக்கொண்டு ஓடிப் போய் ஜன்னல் பக்கம் பிடித்தார்கள். நீலமேகம் முன்னிருக்கையிலும் பீம்ராவ் பின்னாலும் ஏறினார்கள். கார்குழலி தன் சுடிதாரை ஒரு காகிதப் பையில் சுருட்டிக்கொண்டு வந்து பின்னிருக்கையில் மதியின் அருகில் உட்கார்ந்தாள்.

"நீ இன்னாடி இங்க குந்திகினு கீற? எறங்கு. கயித்தப் புடிக்க யாரு?"

"கயிறு கட்டிக்கீது, அக்கா."

மலர்க்கொடி வரிசையைப் பார்த்தாள். இளவெளிச்சத்தில் நீலமும் பச்சையும் ஒன்றாகக் கிடந்தன. முடிச்சின் அருகே முக்காலியில் ரஹீமுன்னிசா உட்கார்ந்து, டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. தெருவே திரும்பிப் பார்த்தது.

"யாரக் கேட்டுக் கட்டுன?"

"யாரக் கேக்கணும்? நேத்து சாயங்காலம் கட்டுனேன். ரஹீமாக்கா நம்ம குடத்ததான் மொதல்ல ரொப்புறேன்னு சொன்னாங்க. அன்னிக்கும் திருடலியாம்."

"அவ சொன்னா? அவ சொல்ல, நீ கேட்டுகினு வந்து கட்டிட்டியா? துரோகி! சோத்துல உப்புப் போட்டுத்தானே தின்ன?"

"ஏறுங்கக்கா. அல்லாரும் போலாம். எடம் எங்கயும் போவாது."

"ஏறு, மலரு," என்றார் பீம்ராவ். "ஒரு நாளுதானே. ரஹீமா பார்த்துக்கும்."

தாவூது என்ஜினை முடுக்கினான். ஏறுவதற்கு ஒரு படிதான் இருந்தது. மலர்க்கொடி அந்தப் படியில் ஒரு காலை வைத்தாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லாருக்கும், அவள் ஏறிவிடுவாள் என்றே தோன்றியது. அப்போது ரஹீமுன்னிசா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வரிசையை நேராக்குவதற்காக முதல் நீலக்கயிற்றுக் குடத்தின் கழுத்தைப் பிடித்துச் சிறிது முன்னால் நகர்த்தினாள்.

"கைய எடு!"

தூக்குப் பாத்திரத்தை வேனுக்குள் வைத்துவிட்டு மலர்க்கொடி நடந்தாள். புதுச்சேலையின் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் முடிச்சைப் பிடித்தாள். இரட்டை முடிச்சு அவிழ மறுத்தது. நகத்தால் கெல்லினாள், பல்லால் கடித்து இழுத்தாள். ரஹீமுன்னிசா முக்காலியில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கடைசியில் நீலம் தனியே வந்தது.

"அவுத்துட்டா," என்று ஐந்தாவது இடத்திலிருந்து ஒருத்தி உரக்கச் சொன்னாள். "அவுத்தவங்க நிக்கணும்."

"எனக்குச் சட்டம் சொல்லித் தராதடி. இந்தச் சட்டம் போட்டதே நானு."

அதன் பிறகே தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு முழுதாகத் தெரிந்தது. கயிறு கையில் இருந்தது. வேன் பத்தடி தள்ளி உறுமிக்கொண்டிருந்தது. செங்குட்டுவன் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, "அம்மா, வா!" என்று கத்தினான்.

கார்குழலி வேனிலிருந்து தலையை நீட்டினாள். "இப்போகூட ஒண்ணும் கெட்டுப் போவல. திரும்பக் கட்டிட்டு வாங்கக்கா." அவள் அதை உண்மையாகவே சொன்னாளா, இல்லையா என்பதை அவளே அறியமாட்டாள்.

"கட்டுறேன்டி, ஒன் வாயக் கட்டுறேன். நீ திரும்பி வா, வெச்சிக்கிறேன் ஒன்ன." மலர்க்கொடி கயிற்றைக் கைவிடாமலே, அது நீளும் தூரம்வரை வேனை நோக்கி வந்தாள். குடங்கள் தடதடவென்று அவள் பின்னால் உருண்டன. "பையோட ஓரத்துல பஞ்சு கீது. அவன் காதுல வெச்சிட்டு அப்பால தண்ணில எறக்கு. போன மாசம்தான் சீழ் நின்னுது. காதுல தண்ணி போச்சுன்னு வெச்சுக்கோ, ஒன்ன இந்தத் தெருவுல வாழ வுட மாட்டேன்."

"வெக்கிறேன்."

"புளிச்சோறு காரம். புள்ளைங்களுக்குத் தயிர் ஊத்திக் குடு. எம் புள்ளைய மொதல்ல சறுக்க வுடு, அப்பால ஒம் பொண்ணு."

"ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் மடியில வெச்சுக்குவேன்."

"ஒண்ணா வெச்சா அவன் தவறி வுயுந்தா யாரு பார்ப்பா? மொதல்ல அவன்!" பிறகு பீம்ராவின் பக்கம் திரும்பினாள். "நீ போய்யா. அன்னிக்கு நிறுத்தினியே, அந்தக் கதைய இப்போ புள்ளைங்களுக்கு முடிச்சுக்கோ. நண்டு போவல, நின்னுச்சுன்னு சொல்லு."

பீம்ராவ் இறங்கிவிடுவதற்காகக் கதவில் கை வைத்தார். அவர் இல்லாமல் சீட்டு செல்லாது என்பது நினைவுக்கு வந்து கையை எடுத்துக்கொண்டார். வேன் நகர்ந்தது.

செங்குட்டுவன் அழுதான். சித்தியின் மடியில் உட்கார மறுத்து, அவள் முழங்காலில் உதைத்தான். "நீதான் எங்கம்மாவ எறக்குன. ஒங்கூட சறுக்க மாட்டேன். பொய்க்காரி." மதி ஒரு கையால் தாயின் கையை இறுகப் பற்றிக்கொண்டு, மறுகையை அவனிடம் நீட்டினாள். அவன் அதையும் தட்டிவிட்டான்.

கார்குழலி விரும்பியதெல்லாம் கிடைத்திருந்தது. மகள் அருகில் இருந்தாள். மடி காத்திருந்தது. கொடியில் தொங்கிய சுடிதார் இப்போது கையில் இருந்தது. ஆனால் அவள் முழங்கால் வலித்தது. வீடு திரும்பும்போது அந்தத் தெருமுனையில் யார் நிற்பார்கள் என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நெடுஞ்சாலைத் திருப்பத்தில் எதிரே தண்ணீர் லாரி வந்தது. பின்பக்கக் குழாயிலிருந்து சிந்திய நீர் தார்ச்சாலையில் கறுப்புக் கோடு இழுத்துக்கொண்டே வந்தது. நீலமேகம் திரும்பிப் பார்த்து, "இன்னிக்கு சீக்கிரமே வந்துட்டான்," என்றான்.

செங்குட்டுவன் அழுகையை நிறுத்திவிட்டு, லாரி மறையும்வரை எக்கிப் பார்த்தான்.

"எங்கம்மா மூணாவது," என்றான், மதியிடம். "யாராலயும் தள்ள முடியாது."

"ஒங்கம்மா மூணாவதுதான்," என்றாள் கார்குழலி. பையின் ஓரத்தில் கைவிட்டுப் பஞ்சை எடுத்தாள். "தலைய இப்டிக் காட்டு."

"மாட்டேன்."

"காட்றா. இல்லன்னா ஒங்கம்மா என்னியக் கொன்னுடும்."

அது அவனுக்கு நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். முறைத்துக்கொண்டே காதைக் காட்டினான்.